மூன்றாம் நாள் சிவப்பு

பிப்ரவரி 3

பள்ளி விட்டு மழையில் ஸ்கூட்டர் ஓட்டி வந்ததன் பலன், உடம்பெல்லாம் காற்று புகுந்து குளிர்கிறது. எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள் நாற்பதும் திருத்தாமல் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்கா யத்மி எண்ணெய்க் கிண்ணமும் ஐந்நூறு ரூபியா காசுமாக வந்துவிட்டாள். கூடப்பிறந்தவள், சொன்னால் கேட்பாளா? புகுந்த காற்றை வெளியேற்ற எங்கள் ஊர் வைத்தியம் இது: எண்ணெய் தடவி, முதுகு, கழுத்து, மேல்மார்பு என்று காசால் சுரண்டித் தள்ளினாள். "எப்படிச் சிவக்குது பாருடி வினார்சி! எவ்வளவு காத்தை உள்ள வச்சிருக்க!" சிவக்கச் சிவக்க அவளுக்குச் சந்தோஷம். எனக்கும் சுகமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 7

சுரண்டிய கோடு மூன்று நாளில் மறைய வேண்டும். முதுகு தெளிந்துவிட்டது. இடது மார்பு மட்டும் இன்னும் சிவப்பு. தொட்டால் சூடு. "மிச்சக் காத்துதான்டி, இன்னொரு தடவை சுரண்டினா ஓடிடும்" என்றாள் அக்கா. சுரண்டினாள்.

பிப்ரவரி 15

மூன்றாவது தடவை. உள்ளாடை இடப்பக்கம் இறுக்குகிறது. கட்டி இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தேன். இல்லை. அப்பாடா.

பிப்ரவரி 24

சுகாதார நிலையம் போனேன். சின்ன வயசு டாக்டர், ஒரு நொடி பார்த்துவிட்டுச் சிரித்தார். "டீச்சர், காசு வச்சுச் சுரண்டினீங்களா? அந்தச் சிவப்புதான். தோல்ல கிருமி பட்டிருக்கு. பத்து நாள் மாத்திரை சாப்பிடுங்க." நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? கடைசியாகச் சுரண்டி ஒன்பது நாள் ஆச்சே! இந்தக் கழித்தலை ஒரு மாணவன் கோட்டைவிட்டால் நிற்கவைத்துத் திட்டியிருப்பேன்.

மார்ச் 1

மனசு கேட்கவில்லை. சிவப்பைச் சுற்றி நீலப் பேனாவால் கோடு போட்டேன்.

மார்ச் 3

கோட்டைத் தாண்டிவிட்டது. ஒரு விரல் அகலம்.

மார்ச் 6

மாத்திரை தீர்ந்தது. தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாக இருக்கிறது. கணவர் ஹர்த்தொயோ பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் லக்ஸ்மிதா சிரிக்கவில்லை.

"இந்தக் கோடு யாரு போட்டது?"

"நான்தான்."

"நல்ல வேலை செஞ்சீங்க." அங்கேயே மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் ஒரு துணுக்கு எடுத்தார்.

"கட்டியே இல்லையே டாக்டர்?"

"கட்டி இல்லாம வர்ற வகை ஒண்ணு இருக்கு. அபூர்வம். ஆனா வேகமாப் பரவும்."

எவ்வளவு வேகம்? இரண்டு நாளில் ஒரு விரல் அகலம் என்று மனசே கணக்குப் போட்டது.

மார்ச் 11

முடிவு வரவில்லை. போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

மார்ச் 14

அதுதான். அழற்சி வகை மார்பகப் புற்றுநோய். அக்குள் நிணநீர் முடிச்சுகள் வரை வந்திருக்கிறது, ஸ்கேனில் அதைத் தாண்டி எதுவும் இல்லை. முதலில் கீமோ, அப்புறம் அறுவை, அப்புறம் கதிர்வீச்சு. வரிசை மாறக் கூடாதாம். சுரண்டியதால் வந்தது இல்லை, ஆனால் அந்தச் சிவப்பு இதை மறைத்துவிட்டது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தால் அக்கா நிக்கிறா. கையில கிண்ணம்! "காத்துதான்டி, டாக்டருங்களுக்கு என்ன தெரியும்..." எனக்கு வந்துச்சே ஆத்திரம். "உன் காசுதான் என் நாட்களையெல்லாம் தின்னுச்சு. நான் செத்தா அதையும் என் குழியில போடு!"

சொல்லிட்டேன். ஐயோ, சொல்லிட்டேன். கிண்ணத்தை அங்கேயே வச்சுட்டுப் போயிட்டா.

மார்ச் 15

முதுகைக் காட்டியவள் யார்? நான்தானே.

மார்ச் 27

முதல் கீமோ. வாயில் தகரச் சுவை. வாசலில் யாரோ கோழி சூப் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார் இவர். யாரோவாம். அக்கா வீட்டுத் தூக்குச்சட்டி எனக்குத் தெரியாதா? நாலு வாய் குடித்தேன். போய்ப் பேசத்தான் வாய் வரவில்லை.

மே 9

தலையில் ஒரு முடி இல்லை. ஆனால் மார்பின் சிவப்பு, அழிய அழியப் போட்டு வந்த நீலக் கோட்டுக்கு உள்ளே வந்திருக்கிறது! இரண்டு தடவை அளந்தேன்.

ஆகஸ்ட் 22

எடுத்துவிட்டார்கள். இடப்பக்கம் வெறும் கட்டு. குனிந்து பார்க்கப் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 4

வெட்டிய ஓரங்கள் சுத்தம். "நல்ல சேதிதான். ஆனா அஞ்சு வருஷம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்கணும்" என்றார் லக்ஸ்மிதா.

டிசம்பர் 12

கதிர்வீச்சு முடிந்து ஒரு மாதம். இன்று மழையில் நனைந்தேன், குளிர் எடுத்தது. சுரண்டிக்கொள்ளலாமா என்று போன வாரமே டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தேன்: வலப்பக்க முதுகு மட்டும், மெதுவாக. இடப்பக்கமும் இடது கையும் தொடவே கூடாது.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். காசு அதற்குள்ளேயே கிடந்தது. பார்த்ததும் பின்னால் நகர்ந்தாள். "வேண்டாம்டி. என்னால முடியாது."

"குளிருதுக்கா. சுரண்டு."

காசை அழுத்தாமல் மெல்ல மெல்லச் சுரண்டினாள். "வலிக்குதா? வலிக்குதா?" என்று கேட்டு உயிரை எடுத்துவிட்டாள். எவ்வளவு சிவந்திருக்கிறது என்று மட்டும் சொல்லவே இல்லை.

டிசம்பர் 15

மூன்றாம் நாள் காலையில் அக்கா, கூப்பிடாமலே, மூக்குக் கண்ணாடியோடு வந்தாள். "திரும்புடி." திரும்பினேன். ஜன்னல் பக்கம் இழுத்துப் போய், வெளிச்சத்தில் முதுகு முழுக்க விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஒரு கோடு கூட இல்லடி" என்றாள். அப்புறமும் கையை எடுக்கவில்லை.