ஜெனியோட ரிசல்ட் வந்துடுச்சுக்கா

என் உசுரே, கிரேஸி அக்கா,

ஜெனியோட ரிசல்ட் வந்துடுச்சு. பெத்தவ உனக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்றது? அதான் எழுத உக்காந்துட்டேன். உனக்கு இருந்தது உன் பொண்ணுக்கும் இருக்குக்கா.

இரு, பதறாத. முழுசா சொல்லிடுறேன். கடைசியா ஆஸ்பத்திரியில உன் ரத்தத்தை எடுத்து எங்கயோ அனுப்புனாங்களே, அதுல ஒரு ஜீன் மாறியிருக்குன்னு நீ போனதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. நுரையீரல்ல இருக்குற ரத்தக்குழாய் தடிச்சுப் போகாம பாத்துக்குற ஜீனாம். அது கெட்டா குழாய் குறுகி, அங்க மட்டும் பிரஷர் ஏறிடலாமாம். கையில பட்டி கட்டிப் பார்த்தா தெரியாதாம். உனக்கும் அப்படித்தானே பார்த்தாங்க? ஒவ்வொரு தடவையும் "பிபி நார்மல்மா, உடம்பக் குறைங்க"ன்னு அனுப்பிட்டாங்க. நினைச்சா வயிறு எரியுது.

நம்ம வீட்டுல மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்? அம்மாவோட கூடப் பொறந்த மேனாம்பேட்டுச் சின்னம்மாவும் பிரசவத்துக்கு அப்புறம் மூச்சு முட்டித்தான் செத்தாங்க. உனக்கும் மூச்சு வாங்குதுன்னதும் ஜெபக்கூட்டத்து ஆன்ட்டி, "உங்க ஊட்டுப் பொம்பளைங்க மேல முன்னோர் சாபம் கீதும்மா, உபவாசம் இருந்து முறிக்கணும்"னாங்க. நீயும் வெள்ளிக்கிழமை தவறாம பச்சைத்தண்ணி பல்லுல படாம முழங்கால் போட்டே. மாடி ஏற முடியாம பாதிப்படியில உக்காந்தப்போ "விசுவாசம் பத்தல"ன்னாங்க. உனக்கு விசுவாசமாக்கா பத்தல? காத்துதான் பத்தல.

எங்க எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க. அம்மாகிட்ட இருந்துதான் உனக்கு வந்திருக்கு. சேக்காட்டுல இருந்து ஆவடி மார்க்கெட்டுக்கு நடந்தே போய் ரெண்டு கையிலயும் பை தூக்கிட்டு வர்றாங்களே, அந்த அம்மாகிட்ட இருந்து! ஜீன் மாறியிருக்குற எல்லாருக்கும் நோய் வராதாம். பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வருதாம். ஏன் ஒருத்தருக்கு வருது, இன்னொருத்தருக்கு வரலன்னு கேட்டா டாக்டருக்கே முழுசா தெரியல. அம்மா "அப்போ நான்தான் என் புள்ளையக் கொன்னேனா"ன்னு மாருல அடிச்சுக்கிட்டாங்க.

எனக்கு இல்லக்கா. பாதிக்குப் பாதி வாய்ப்பாம். ஒரே வயித்துல பொறந்து, ஒரே தட்டுல தின்னு வளர்ந்தோம், எனக்கு இல்ல. எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிச்சு ஸ்தோத்திரம்னாங்க. எனக்கு ஆமென் சொல்ல வாய் வரல. எனக்கு வந்துட்டு அந்தப் பச்சப்புள்ளைய விட்டிருக்கக் கூடாதா?

ஜெனிக்கு இப்போ ஒண்ணும் இல்ல. நெஞ்சுல ஸ்கேன் மாதிரி வச்சுப் பார்ப்பாங்களே, அந்த எக்கோ நல்லா இருக்கு, வருஷா வருஷம் பார்க்கணும். ஆனா போன ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் அதே ஆன்ட்டி வீட்டுக்கு வந்து, "புள்ளைய உபவாசத்துல உக்கார வையுங்க"ன்னாங்க. அம்மாவும் தலையாட்டுறாங்க! எனக்கு வந்துச்சு பாரு கோவம். "ஜெபம் பண்ணுங்க ஆன்ட்டி, நானும் கூட முழங்கால் போடுறேன். இவளைப் பட்டினி போடணும்னு இன்னொரு தடவை சொன்னீங்க, நடக்குறதே வேற"ன்னேன். "இன்னாம்மா இப்டி பேசுற, உங்க நல்லதுக்குத்தானே சொல்லிகினு கீறேன்"னு அழுதுட்டாங்க. அவங்களும் உன் மேல உசுரா இருந்தவங்கதான். திட்டி என்ன ஆவப்போவுது, நீ எழுந்து வந்துடுவியா? அம்மா எழுந்து போய் ஜெனிக்குச் சோறு போட்டு எடுத்துட்டு வந்தாங்க.

அன்னிக்குச் சாயந்திரம் அவளுக்குத் தலை பின்னிக்கிட்டிருந்தேன். திரும்பாமலே கேட்டா: "சித்தி, எனக்கு மூச்சு வாங்குச்சுன்னா சொல்லலாமா? அம்மா சொன்னப்போ யாரும் நம்பலல்ல?"

இந்தக் கேள்விய எத்தனை நாளா மனசுல வச்சிருந்தாளோ!

அவகிட்ட சொன்னதையே உன்கிட்டயும் சொல்றேன். உன் பொண்ணு மூச்சு வாங்குதுன்னு சொல்ற நிமிஷம் நான் நம்புவேன். விசுவாசம் பத்தலன்னு சொல்ல மாட்டேன், உடம்பக் குறைன்னு சொல்ல மாட்டேன், யார்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன். அவளைத் தூக்கிட்டு ஓடுவேன்கா.

சித்தியா இருந்தவ, இப்போ அம்மாவாவும் இருக்கப் பழகுறேன்,
உன் தங்கச்சி ஸ்டெல்லா.