சாய்த்து வைத்த முக்காலி

மார்ச் 3, 1998, செவ்வாய்

ஐந்து மாதம் கழித்துக் குமாசி சந்தைக்குப் போனேன். ஆபரேஷன் தையல் இன்னும் இழுக்கிறது. முன்வரிசையில், என் கடையில், பின்வரிசைத் துணிக்காரி அச்சியா உட்கார்ந்திருந்தாள். "அக்கா, பிழைச்சுட்டீங்களா?" என்றாள். எழுந்திருக்கக்கூட இல்லை.

துணிக்காரிகளின் தலைவி மாமி அப்ராஃபியிடம் முறையிட்டேன். "இடத்தைச் சும்மா போட்டு வைக்க முடியுமாடி டுஃபி? ஆலையிலிருந்து வந்த முக்காலிப் படம் போட்ட துணி முப்பது கட்டு சீந்துவாரில்லாமக் கிடக்கு. ஈஸ்டருக்குள்ள வித்துக் காட்டு, முன்வரிசை உனக்கு. இல்லேன்னா அவளுக்கே." ஒப்புக்கொண்டேன். வேறென்ன செய்ய?

மார்ச் 5

பிரித்துப் பார்த்தேன். நீலத்தில் மஞ்சள் முக்காலிகள். ஒன்று பாக்கியில்லாமல் பக்கவாட்டில் கிடக்கின்றன. வரைந்த புண்ணியவான் படுத்துக்கொண்டு வரைந்தானோ?

பெயரில்லாத துணியை இங்கே யாரும் கட்டமாட்டார்கள். உட்கார ஆளில்லாமல் சாய்ந்து கிடக்கிற முக்காலியாம், இதற்கு ஏற்கெனவே பெயர் விழுந்துவிட்டது: 'போய்ச் சேர்ந்தவள்'. அச்சியாவின் வாய்தான். சத்தியம் செய்வேன்.

மார்ச் 9

ஒரு கஜம்கூடப் போகவில்லை.

மார்ச் 12

எனக்கா மூளை இல்லை? துணியைக் குறுக்கே திருப்பித் தொங்கவிட்டேன். முக்காலிகள் எல்லாம் எழுந்து நின்றன. ரொட்டி விற்கிற போமா மயங்கி ஆறு கஜம் வாங்கிப் போனாள். அச்சியாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மார்ச் 16, திங்கள்

மாட்டிக்கொண்டேன். போமா அந்தத் துணியைக் கட்டிக்கொண்டே சண்டைக்கு வந்தாள். இடுப்பில் சுற்றியதும் முக்காலி அத்தனையும் சாய்ந்துவிட்டது.

"நேத்து சர்ச்சுக்குக் கட்டிட்டுப் போனேன். என் புருஷன் புதுசா ஒருத்தியைக் கூட்டிட்டு வந்திருக்கானே, அவ கேக்குறா, 'அக்கா, கிளம்பிட்டீங்களா'ன்னு. உயிரோட இருக்கிறவளுக்குச் சாவுத்துணியா விக்கிற?"

பதிலுக்குக் கத்த எழுந்தேன். கை தன்பாட்டுக்கு என் முக்காலியைப் பக்கவாட்டில் சாய்த்தது. எழுந்தால் எல்லோரும் செய்வதுதானே, காலி முக்காலியில் கண்ட ஆவியும் வந்து உட்காரக் கூடாதென்று. குனிந்து பார்த்தேன். துணியில் இருப்பது போலவே கிடந்தது. இத்தனை நாள் எங்கள் கண்ணெல்லாம் எங்கே போயிருந்தது?

"போமா, இதை ஏன் சாய்ச்சேன்?"

"வேற யாரும் உக்காரக் கூடாதுன்னு."

"நான் செத்தா போயிட்டேன்?"

அவள் தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "ரவிக்கைக்கும் சேர்த்து இன்னும் ஆறு கஜம் வெட்டு."

பெயர் கிடைத்துவிட்டது: 'வந்துவிடுவேன், உட்காராதே.'

மார்ச் 22, ஞாயிறு

சர்ச்சில் போமா அதே துணியில், தலைக்கட்டு முதல் கால் வரை, முதல் பெஞ்சில். புதியவள் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் நாலு பேர் போமாவைச் சூழ்ந்துகொண்டு பெயரைக் கேட்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மார்ச் 26

சக்களத்தி உள்ளவள், ஓரகத்தியிடம் அடுப்பைப் பறிகொடுத்தவள், பெண்டாட்டி ஊரிலில்லாத தம்பிக்குக் காவலிருக்கும் நாத்தனார் — எல்லோரும் வருகிறார்கள். இந்த ஊரில் இத்தனை பேர் இடம் பறிபோய் நிற்கிறார்களா? நான் ஒருத்தி என்றல்லவா அழுதுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 4

முப்பது கட்டும் தீர்ந்தது. ஈஸ்டருக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. "செத்த துணியை எழுப்பிட்டியேடி" என்றாள் மாமி அப்ராஃபி. அவளும் அதையேதான் கட்டியிருந்தாள். யாரை நினைத்துக் கட்டினாளோ, நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

முன்வரிசை. மதியம் முக்காலியைச் சாய்த்துவிட்டு ஃபுஃபு சாப்பிடப் போனேன். வேண்டுமென்றே ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

திரும்பும்போது யாரோ ஒருத்தி என் கடையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசையிலிருந்து அச்சியாவின் குரல் கேட்டது.

"அக்கா சாப்பிடப் போயிருக்காங்க. வந்துடுவாங்க."