சில்வினோவைத் தாண்டிப் போன குவளை

புனித பிளாஸ் துணை

இட்டா போத்தி
20 பிப்ரவரி 1989

அன்பு மகன் எலாதியோவுக்கு, உன் சின்னம்மா எவுசேபியா ஆசியோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் பசுவும் கோழிகளும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. புயனோஸ் அயரஸில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, பூசைக்குப் போகிறாயா, இரண்டும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்கு ஊருக்கு வருகிறேன் என்று படித்ததும் மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். அடுத்த வரியில், ‘என்னைக் காட்டிக்கொடுத்த சில்வினோவோட பல்லைத் தட்டிட்டுத்தான் உங்க கையால சாப்பிடுவேன்’ என்று எழுதியிருந்தாய், அழுகை அப்படியே நின்றுவிட்டது. நீ பஸ் ஏறுவதற்குள் இதைப் படித்தாக வேண்டும் மகனே. உன்னைக் காட்டிக்கொடுத்தது சில்வினோ இல்லை. நான்.

ஜெனரல் நாட்டைப் பிடித்து ஆட்சிக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. அதற்கு முன் வருஷத்துக்கு ஒரு ஜனாதிபதி, தெருவில் துப்பாக்கிச் சத்தம். இவர் வந்ததும் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கலாம் என்றார்கள், தூங்கினோம், உன் அம்மாவும் நானும் அவர் கட்சியின் சிவப்புக் கழுத்துத்துணி கட்டிக்கொண்டு ஊர்வலம்கூடப் போனோம். வாயைத் திறக்கக் கூடாது என்பது பிறகுதான் மெல்ல மெல்லப் புரிந்தது. அது புரிந்தும் நான் செய்ததைப் பார். பதிமூன்று வருஷம் முன்னால், விவசாயிகள் சங்கத்து ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று நீ ஆற்றைக் கடக்கக் கிளம்பினாய், உன்னைத் துறைக்குக் கொண்டுவிட சில்வினோ மாட்டுவண்டி பூட்டினான். நான் உனக்காகப் பூசைக்குக் காணிக்கை கொடுத்தேன். வெறுமனே ஒரு பயணிக்காக என்று எழுதினால் புனிதருக்கு எப்படித் தெரியும் என்று உன் பெயர், கிழமை, படகுத்துறை எல்லாம் துண்டுத்தாளில் எழுதி கோயில்பிள்ளை கையில் கொடுத்தேன். அவர் பூசையில் ‘ஒரு பயணிக்காக’ என்றுதான் வாசித்தார், ஊரே ஆமென் சொன்னது. இரண்டு நாள் கழித்து போலீஸ் தலைவர் அதே தாளை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ‘உங்க வேண்டுதல் பலிச்சிடுச்சும்மா, பையன் பத்திரமா இருக்கான், எங்ககிட்ட’ என்றார்.

அவர்கள் சில்வினோவைத் தொடவில்லை, அதனால் ஊர் அவன்மேல் பழி போட்டது. முதலில் பயத்தில் பேசாமல் இருந்தேன், நீ விடுதலையாகி அக்கரைக்குப் போன பிறகு வெட்கத்தில். குளிர்ந்த தண்ணீர் ஊற்றி உறிஞ்சும் தெரெரே இலைச்சாற்றுக் குவளை வட்டமாகச் சுற்றி வரும்போது எல்லோரும் அவனைத் தாண்டி அடுத்த ஆளுக்குக் கொடுத்தார்கள். ஒருநாள் ஊற்றியவள் நான். நானும் தாண்டினேன்.

இப்போது ஜெனரலை அவருடைய சம்பந்தியே கவிழ்த்துவிட்டார், புனித பிளாஸ் திருநாள் காலையில் ரேடியோவில் சொன்னார்கள். பூசை மணி அடிப்பதற்குள் ஊரில் ஒரு வீட்டிலும் அவர் படம் இல்லை. என் வீட்டுச் சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது, புனிதரை மாட்டினேன், அவர் படம் சின்னது, மூடவில்லை. கோயில்பிள்ளை வாசலில் நின்று ‘நான் அப்பவே சொன்னேன், இந்த ஆளு நிலைக்கமாட்டான்னு’ என்று பேசிக்கொண்டிருந்தார். தொண்டைக்குக் காவல் புனித பிளாஸ்தானே, திருநாள் வழக்கப்படி சாமியார் இரண்டு மெழுகுவத்திகளைக் குறுக்கே வைத்து என் தொண்டையை ஆசீர்வதித்தார். இதற்கு மேலும் இந்தத் தொண்டை எதற்கு என்று தோன்றியது. திரும்பி நின்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். ‘இப்பதான் வாய் வந்துச்சா உனக்கு’ என்று ஒருத்தி கத்தினாள், கத்தட்டும். கோயில்பிள்ளை எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை. சில்வினோ பின்வரிசையில் இருந்தான், எழுந்து வெளியே போய்விட்டான்.

போன ஞாயிறு வந்தான். முற்றத்தில் உட்கார்ந்தான், தலையெல்லாம் நரைத்துவிட்டது. தெரெரே ஊற்றிக் கொடுத்தேன். உறிஞ்சிவிட்டு, ‘எவுசேபியாம்மா, பதிமூணு வருஷமா இதே இலையவா வெச்சிருந்தீங்க, சப்புன்னு இருக்கு’ என்றான். போதும் என்பவர்கள்தானே நம் ஊரில் நன்றி சொல்லிக் குவளையைத் திருப்பிக் கொடுப்பார்கள். அவன் நன்றி சொல்லவில்லை. வெறும் குவளையை நீட்டினான். நான் மறுபடி ஊற்றினேன்.

வெயில் கொளுத்துகிறது, வரும்போது தலைக்குத் தொப்பி போட்டுக்கொள். துறைக்கு சில்வினோ வண்டி கொண்டுவருவான், ஏறுவதும் நடப்பதும் உன் இஷ்டம். மாதா உன்னைக் காக்கட்டும். வந்ததும் என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் நான் குவளையை நீட்டும்போது, மகனே, நன்றி என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் சின்னம்மா,
எவுசேபியா