மேம்பாலத்தில் திணறிய மூச்சு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இந்த முறை இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, டாக்டரே அப்படிச் சொன்னதால் எழுதுகிறேன். நீயும் மருமகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

போனில் முழுதாகச் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டாய், நியாயம்தான், ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். போன மாதம் மேம்பாலத்தில் நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு லாரி எங்கள் டிரைவிங் ஸ்கூல் காரை உரசிக்கொண்டு போனதல்லவா, யாருக்கும் அடியில்லை, நானும் மறந்துவிட்டதாகத்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை தெருமுனைத் தையல்காரருக்கு ஐந்தாவது வகுப்பு, அவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதே பாலத்தில் ஏறியதும் எனக்கு மூச்சு இரைத்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது, விரலெல்லாம் மரத்துப்போனது, சரி, நம் கதை முடிந்தது என்றே நினைத்துவிட்டேன். அவரோ, மேடம், நீங்க கண்ண மட்டும் மூடிடாதீங்க, நான் ஓட்டிடறேன்னு சொல்லி, பின்னால் ஊரே ஹாரன் அடிக்க, இரண்டாவது கியரிலேயே ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டர் போட்டார், அந்த நிலையிலும் அதைக் கவனித்தேன் பார்!

ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், இதயத்தில் ஒரு குறையும் இல்லை. பயம்தான் என்றார் டாக்டர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது, இருபது வருஷமா அடுத்தவங்க பயத்தப் போக்குறவ நான்னு சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். மூளையில் பயமும் மூச்சும் நரம்புகளால் இணைந்திருக்கிறதாம், பயந்தால் மூச்சு வேகமாகும், அந்த வேகம் பயத்தை இன்னும் கிளப்பிவிடும். ஆனால் மூளையின் முன்பகுதியிலிருந்து மூச்சை நடத்தும் இடத்துக்கும் ஒரு பாதை உண்டாம், நாமே வேண்டுமென்று மூச்சை நிதானமாக விட்டால் பதற்றமும் தணியுமாம். சொல்லித்தருகிறவர் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக் மாதிரியா என்று கேட்டேன், சிரித்துவிட்டு, அப்படியே வச்சுக்கோங்கன்னார்.

நேற்று அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து நானே பாலத்தில் ஓட்டினேன். ஏறும்போது இரைத்தது. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டேன், கூடவே எண்ணிய அப்பா பாதியில் தடுமாறி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க, சிரிப்பு வந்துவிட்டது, இறக்கம் வந்ததே தெரியவில்லை.

பதறிக்கொண்டு ஓடிவராதே. லீவு சேர்ந்ததும் மருமகளையும் அழைத்துக்கொண்டு நாலு நாள் தங்குவதுபோல் வா. இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். இன்னொன்று, ஆஸ்பத்திரி என்று நான் சொன்னதும் போனில் உன் மூச்சுச் சத்தமே நின்றுபோனது எனக்குக் கேட்டது. இப்போது மெதுவாக விடு, கண்ணா. அம்மாவுக்கு ஒன்றுமில்லை.

அன்புடன்,
உன் அம்மா