ஆறு குஞ்சுகளும் ஒரு மாப்பிள்ளையும்

ஏப்ரல் 3

என் மகளின் கணவருக்கு,

உங்கள் கல்யாணத்துக்கு வராத மாமியார் எழுதுகிறேன். போனில் பேச வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம், அதுவும் நீங்கள் வேலை பார்க்கும் குஞ்சு பொரிப்பக விலாசத்துக்கு. அவளுக்குத் தெரிய வேண்டாம்.

எங்கள் பள்ளி அறிவியல் அறையில் இன்குபேட்டர் வைத்து ஆறு குஞ்சுகள் பொரித்தார்கள். விடுமுறை விட்டதும் ஆளாளுக்கு நழுவிவிட்டார்கள். கடைசியாக அலுவலகத்தைப் பூட்டுகிறவள் நான். என் தலையில் விழுந்தது. அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து விட்டிருக்கிறேன். ஓயாமல் கத்துகின்றன. ஒன்றுக்கு இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்துபோய் எழவே முடியவில்லை. பிழைக்குமா?

இப்படிக்கு,
அவளுடைய அம்மா

ஏப்ரல் 6

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

பிழைக்கும். செய்தித்தாள் வழுக்கும், எடுத்துவிட்டுப் பழைய துண்டு விரியுங்கள். பெட்டியின் ஒரு மூலைக்கு மேல் அறுபது வாட் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். அதனடியில் நெருக்கியடித்துக் கத்தினால் குளிர். விலகிப்போய் வாய் பிளந்தால் சூடு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லையென்றால் மூழ்கிவிடும்.

பிளாஸ்திரியை மெல்லிசாக வெட்டி, இரண்டு காலையும் நேராக்கி, ஒரு விரல் இடைவெளி விட்டு இணைத்து ஒட்டுங்கள். நாலு நாள் இருக்கட்டும்.

அவளிடம் நானாகச் சொல்லமாட்டேன். கேட்டால் மறைக்க எனக்கு வராது.

மருமகன்

ஏப்ரல் 13

மருமகனுக்கு,

பிளாஸ்திரி ஒட்ட ஒரு மணி நேரம் ஆனது. புடவையெல்லாம் எச்சம். நேற்றுக் காலை பிரித்தேன். நின்றது. இரண்டடி வைத்தது, விழுந்தது, மறுபடி நின்றது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது; வீட்டில் ஆளில்லை. சண்டியர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருக்கிறது. என்ன செய்ய?

அவளுடைய அம்மா

ஏப்ரல் 16

அத்தைக்கு,

வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள். பிய்த்து இழுக்காதீர்கள்.

நான் மாட்டிக்கொண்டேன். துவைக்கப் போட்ட சட்டைப்பையில் உங்கள் கடிதம் இருந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “எங்கம்மாவா? காக்கா எச்சம் பட்டாலே தலைக்குத் தண்ணி ஊத்திக்குவாங்களே” என்று சிரித்தாள். பிறகு அழுதாள். “நீ ஒரு வரி எழுதேன்” என்றேன். “என்னன்னு எழுதறது?” என்றாள். கடிதத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எனக்குத் திருப்பித் தரவில்லை.

மருமகன்

ஏப்ரல் 25

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஆறும் நலம். இறக்கை முளைத்துவிட்டது, பெட்டியில் அடங்குவதில்லை. நேற்றுச் சண்டியர் என் எழுதும் மேசைமேல் ஏறி மைப்புட்டியைத் தள்ளிவிட்டார்.

“கோழிக்குஞ்சு எண்ணுறவனுக்கா என் பொண்ணு?” என்று அன்று கேட்டேன். நீங்கள் வாசலில் நின்றதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டேன். அது தப்பு. நீங்கள் அதை ஒரு கடிதத்திலும் சொல்லிக்காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். குஞ்சுகளைப் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பார்த்துக்கொள்வார். என் மகளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். கதவை அவளே திறக்கட்டும். நீங்கள் மட்டும் பின்னால் நில்லுங்கள், ஒருவேளை அவள் சாத்தப் போனால் பிடித்துக்கொள்ள.

உங்கள் அத்தை