சின்னவன் மாட்டிய கிளிப்பு

என் ஆசை ஆத்தாளுக்கு,

நீ பெற்ற பெரியவன் எழுதுகிறேன். ஆமாம், என் கையாலேயேதான். ஒரு வரிக்கு ஒரு வாய் காபி என்று மெதுவாகத்தான் போகிறது. அவசரமில்லை, நீயும் எங்கே போகப் போகிறாய்?

வாடிப்பட்டிப் பக்கத்தில் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இப்போது சாயங்காலம் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள். பகலில் அதே அறையில் பிள்ளைகளுக்கு மனசுக்கென்று ஒரு வகுப்பு. சிரிக்காதே. சுவரோரம் கட்டிய கயிற்றில் கோபம், பயம், வருத்தம், மகிழ்ச்சி என்று அட்டைகள் தொங்கும். அன்றைக்கு மனசு எப்படியோ, அந்த அட்டைக்குக் கீழே தன் பேர் எழுதிய துணிக் கிளிப்பைப் பிள்ளைகள் மாட்டவேண்டும். யாராவது வருத்தத்தில் மாட்டினால் கேலி செய்யக்கூடாது, புத்தி சொல்லவும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து என்னாச்சு என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நமக்கெல்லாம் இதை யார் சொல்லித் தந்தார்கள்?

டீச்சரம்மா எங்களையும் மாட்டச் சொன்னார். பிள்ளைகளுக்கு அட்டையில் முகம் வரைந்திருக்கும். எங்களுக்கு அதைத் திருப்பிவிடுவார். பின்பக்கம் எழுத்து மட்டும்தான். எல்லோரும் மகிழ்ச்சியிலேயே மாட்டினோம். வேறெதில் மாட்டினாலும் வீட்டில் என்ன சண்டை என்று ஊர் கேட்குமே. பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா மட்டும் தினமும் கோபத்தில் மாட்டுவார்.

"எம் மருமக இதப் பாக்க வரமாட்டாள்ல, பெறகென்ன?"

இனி உனக்குப் பிடிக்காத சேதி. நீ போன பிறகு நானும் சின்னவனும் பேச்சை விட்டுவிட்டோம். அவன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து வீட்டுக்கு வந்து தராமல், டீக்கடையில் என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. இந்த வகுப்பிலும் அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைப் பேச்சியக்காவிடம் சொல்வேன்.

போன வாரம் அவன் கிளிப்பு வருத்தத்தில் தொங்கியது. எழுத்துக் கூட்டித் திரும்பவும் படித்தேன். பாவி, படிக்கத் தெரியாமல் மாட்டிவிட்டான், எல்லோரும் சிரிப்பார்களே என்று பதறிவிட்டது. பேச்சியக்காவைத் தேட நேரமில்லை.

"சின்னவனே, மாத்தி மாட்டிட்டடா."

"மாத்தி மாட்டல. படிச்சுப் பாத்துத்தாண்ணே மாட்டுனேன்."

போய் அவன் பெஞ்சில் உட்கார்ந்தேன், ஆத்தா. என்னாச்சு என்று கேட்டேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. மணவறையில் அவன் மகள் பெரியப்பா எங்கே என்று கேட்டாளாம். இப்போது தன் பிள்ளைக்கு அழகர்கோவிலில் காது குத்தப் போகிறாள். பெரியப்பா வருவாரா என்று மறுபடியும் கேட்கிறாளாம்.

"தட்டோட வருவியா?" என்றேன்.

"நாளைக்குக் காலையில வாரேண்ணே. டீக்கடைக்குப் போயிறாத."

பேச்சியக்கா எழுந்துபோய், தன் கிளிப்பைக் கழற்றி மகிழ்ச்சியில் மாட்டினார்.

சொன்னபடி தட்டோடு வந்தான். வெற்றிலை பாக்கும் பழமும் அம்புட்டு அழகாக அடுக்கியிருந்தான். காதுகுத்தில் நான் முன்னால் நிற்பேன், ஆத்தா. பந்தியில் அவனுக்கு அடுத்த இலை என்னுடையது. இனி என் மனசு எப்படி இருந்தாலும் அவனிடமே நேராகச் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

கடைசியில் கோணலாக இருப்பது அவன் எழுத்து. அவனே எழுதினான், நான் திருத்தவில்லை.

உன் வயிற்றுப் பிள்ளைகள்,
பெரியவன் முத்தையா
சின்னவன் கருப்பையா