டி டிரைவில் இருந்த மருதாணிப் படங்கள்

கும்மிடிப்பூண்டி
11.11.2008, செவ்வாய்

அன்பு மகள் மாஹிராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தப் புனே குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் தினமும் இங்கே காலைப் பேச்சு. பத்து நாளாக என் மெயில் வரவில்லையே என்று நீ கேட்டதற்கு லேப்டாப் கெட்டுவிட்டது என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன், அப்போது அத்தா பக்கத்தில் நின்றார், தவிர அது போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. இப்போது லேப்டாப் நன்றாக ஓடுகிறது. இன்டர்நெட் மட்டும் இன்னும் வரவில்லை, அதற்கு ஏதோ டிரைவர் போட வேண்டுமாம், அந்த டிரைவரை இன்டர்நெட்டிலிருந்துதான் எடுக்க வேண்டுமாம், எப்படி இருக்கிறது பார். அதனால் பேனாவை எடுத்தேன். உன் மாமா மகன் ரிஜ்வான் லீவு முடிந்து வியாழக்கிழமை புனே திரும்புகிறான், அவன் கையில் இந்தக் கடிதமும் ஒரு பொட்டலமும் வரும். நீ கேட்ட கல்யாண மருதாணிப் படங்கள் அதில் இருக்கின்றன. அவை உன் கைக்கு வராமலே போயிருக்கும், அதைத்தான் சொல்லப் போகிறேன், படம் பத்திரமாக இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

வந்தது வைரஸ். கொண்டுவந்தவர் உன் அத்தா. சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு பேரிங் கொட்டேஷன் பிரிண்ட் எடுக்க ப்ரவுசிங் சென்டருக்குப் பென் டிரைவை எடுத்துப் போனார், திரும்பி வந்து அதை லேப்டாப்பில் செருகினார், அன்றிலிருந்து எந்த ஃபோல்டரைத் தொட்டாலும் இரண்டாக நிற்கிறது, பாதி வினாத்தாள் அடிக்கும்போதே தானாக அணைந்து தானாக எழுகிறது. எங்கள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் எடுக்கும் ஹேமாவதி டீச்சரிடம் சொன்னேன். முழுசாக அழித்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து போட வேண்டியதுதான் என்றாள். உடனே உன் அத்தா, நம்ம கோபால் கடைல குடுத்தா ரெண்டு நாள்ல புதுசாட்டம் பண்ணிக் குடுத்துடுவான், நீ இன்னாத்துக்கு பேஜாராவுற என்று லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நான் வாசலில் போய் வழி மறித்து நின்றுகொண்டேன்.

கோபால் நல்லவன்தான், ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் கடையில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள், எல்லா ஸ்கிரீனும் ரோட்டைப் பார்த்து இருக்கும். உன் மருதாணி அன்று ஆண்கள் யாரும் இல்லை என்ற தைரியத்தில்தானே நாம் அத்தனை பேரும் தலையில் துணி இல்லாமல் ஆடினோம், உன் சிநேகிதி விக்டோரியாவைப் படம் எடுக்கவும் விட்டோம். அவளும் அன்றே எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றிவிட்டு நம் கண் முன்னாலேயே கேமராவில் அழித்தாள். ஆக நானூறு படமும் இருந்தது இந்த ஒரு இடத்தில் மட்டும். கடையில் கொடுத்தால் யார் கண்ணில் படுமோ, நானே செய்தால் ஒரேயடியாகப் போய்விடுமோ. நீ கிளம்பும்போது லேப்டாப்பை என் மடியில் வைத்து, உன்னிடம் இருந்தால் எனக்குக் கவலை இல்லைம்மா என்றாய், அந்த வார்த்தை எனக்குள் இருந்தது. காரணத்தைச் சொன்னதும் அத்தா பையை இறக்கி வைத்தார். அப்ப நீயே பண்ணு, கரண்ட நான் பாத்துக்கறேன் என்றார். கரண்டை இவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று சிரித்தேன்.

கரண்டு விஷயம் உனக்குத் தெரியாது, நீ போன பிறகு மோசமாகிவிட்டது. அத்திப்பட்டு அனல் மின்நிலையத்துப் புகைபோக்கி மொட்டைமாடியிலிருந்து தெரிகிற ஊரில் நாம் இருக்கிறோம், தினமும் சொன்ன நேரத்திலும் சொல்லாத நேரத்திலும் விளக்கு அணைகிறது. லேப்டாப் பேட்டரி ஏழு நிமிடம்கூடத் தாங்காது, பாதியில் நின்றால் பழைய விண்டோஸும் இல்லாமல் புதுசும் இல்லாமல் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கரண்டு வந்தால் அடுத்து இரண்டு மணிக்குத்தான் போகும் என்று கணக்குப் போட்டு ஹேமாவதியை வரச் சொல்லியிருந்தேன். அவள் எளாவூரிலிருந்து வர வேண்டும், செக்போஸ்ட்டில் லாரி நெருக்கடி, பஸ் நகரவில்லை. போன் செய்து, நீங்களே ஆரம்பிங்க டீச்சர், இன்னா வெடிகுண்டையா கழட்டப் போறீங்க, நான் எழுதிக் குடுத்ததைப் பாத்துப் போட்டுக்கினே போங்க என்றாள். சரி என்று பிஸ்மி சொல்லி உட்கார்ந்தேன். அத்தா உடனே ஃபிரிட்ஜை அணைத்தார், மோட்டாரை அணைத்தார், கடைசியில் என் தலைக்கு மேல் ஓடிய ஃபேனையும் அணைத்தார், வோல்டேஜ் எனக்கு முழுசாக வர வேண்டுமாம்.

வேண்டியதை எல்லாம் புதுப் பென் டிரைவில் எடுத்து வைத்தேன். வினாத்தாள்கள் ஏறச் சில நிமிடம் ஆனது. டெஸ்க்டாப்பில் நீ வைத்திருந்த மருதாணி ஃபோல்டரை இழுத்துப் போட்டேன், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. பௌதிகம் படித்தவளுக்கு அந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்க வேண்டும், நானூறு படம் எப்படி ஒரு நொடியில் போகும் என்று, எனக்குக் கடிகாரம்தான் கண்ணில் இருந்தது. விண்டோஸ் சிடியைப் போட்டதும் நீலத் திரை வந்தது. ஹார்ட் டிஸ்கில் இருந்த இரண்டு பகுதிகளும் தெரிந்தன. ஹேமாவதி இரண்டையும் அழிக்கச் சொல்லி எழுதியிருந்தாள், அப்போதுதான் சுத்தமாகுமாம். முதலாவது விண்டோஸ் இருந்த இடம், அதை அழித்தேன். இரண்டாவதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உன் லேப்டாப், உன்னைக் கேட்காமல் உன் அலமாரியைக் காலி செய்வது மாதிரி இருந்தது. விட்டுவிட்டு மேலே போனேன். விண்டோஸ் சாவி எண் கேட்டது, லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் அதன் இருபத்தைந்து எழுத்தும் தேய்ந்திருந்தது, பள்ளிக்கூட லேப் லென்ஸை வைத்துப் படித்தேன். ஒன்றரை மணிக்குப் புது விண்டோஸ் வந்து நின்றது, திரையில் பச்சைப் புல்லும் வானமும். எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது.

பிறகு பென் டிரைவைச் செருகி மருதாணி ஃபோல்டரைத் திறந்தேன். திரையில் ஒரு டார்ச் லைட் தோன்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடித் தேடியது, பிறகு காணவில்லை என்றது. மறுபடி, மறுபடியும் அதே பதில். நான் எடுத்து வைத்தது ஃபோல்டர் இல்லை, அதற்கு வழி காட்டும் வெறும் ஷார்ட்கட் படம், மூலையில் சின்ன அம்பு இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மாஹி, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, செய்முறை தப்பும்போது பிள்ளைகளுக்கு என்ன சொல்வேன் என்று யோசித்தேன், கலைக்காதே, இருப்பதைப் படி என்பேன். அந்த அம்புப் படத்தை வலது பக்கம் அழுத்திப் பார்த்தேன், அதற்குள் ஒரு விலாசம் இருந்தது, டி டிரைவ், மாஹி, மருதாணி என்று. ஆனால் டி-யைத் திறந்தால் அது சிடி போடும் இடம். புது விண்டோஸ் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறது, நம் பழைய டி இப்போது ஈ. அதாவது நான் தொடாமல் விட்ட அந்த இரண்டாம் பகுதி. திறந்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. எண்ணி முடிக்கவும் கரண்டு போகவும் சரியாக இருந்தது, உன் அத்தா நான் அணைக்கலை என்று சமையலறையிலிருந்து கத்தினார்.

மறுநாள் ஹேமாவதி வந்து அந்தப் பகுதியிலும் வைரஸைத் தேடி எடுத்துவிட்டாள். இரண்டையும் அழிக்கச் சொன்னதற்குக் காதைப் பிடித்துக்கொண்டாள். படங்களைச் சிடியில் போட்டுத் துணியில் வைத்து நாலு பக்கமும் தைத்திருக்கிறேன், ரிஜ்வான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இன்னா மாமி, எலெக்‌ஷன் பெட்டிக்கு வைக்கிற சீலா என்கிறான். தையல் பிரிந்திருந்தால் எனக்கு எழுது, அவனைப் பார்த்துக்கொள்கிறேன். எறால் தொக்கும் வைத்திருக்கிறேன், மாப்பிள்ளைக்குக் காரம் அதிகம் கொடுக்காதே. அத்தாவுக்குச் சுகர் குறைந்திருக்கிறது, டீயில் சர்க்கரை போட்டதற்கு நேற்றுதான் சண்டை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு டிக்கெட் கிடைத்தால் எனக்கு முதலில் சொல், அத்தாவுக்கு அப்புறம்.

இன்னொன்று. படங்களுக்குக் கடைசியில் அம்மா பாட்டு என்று இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வீடியோ இருந்தது. அன்று நான் பாடியதை விக்டோரியா எடுத்தபோது உன் காதில் வந்து அதை அழித்துவிடு என்றேன், நீயும் தலையாட்டினாய். அழிக்கவில்லை. பொய் சொல்லியிருக்கிறாளே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தடவை பார்த்தேன். இரண்டாவது அடியில் சுருதி விலகுகிறது, ஆனால் அந்தப் பெண் அதைப் பற்றிக் கவலையே படாமல் வாயைத் திறந்து பாடுகிறாள், சிரிக்கிறாள். நாற்பத்தைந்து வயதில் நான் அப்படிச் சிரிப்பேன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அதையும் சிடியில் போட்டிருக்கிறேன்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நல்ல உடம்பையும், ஒருவருக்கொருவர் சலிக்காத பேச்சையும் தருவானாக. சிடி வந்ததும் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் ஏற்றிவை, அம்பு இல்லாத ஃபோல்டர்தானா என்று பார்த்துக்கொள். நான் முன்பு சொன்னதைக் கேட்காதே, பாட்டை அழிக்காதே.

துஆவுடன்,
உன் அம்மா
மெஹர்னிசா